மெயின்ஃப்ரேமும் ஐபியும் கலந்த நெட்வொர்க்கில் திரை நின்றால் எதைக் கொண்டு பார்ப்பது?

கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க்கை இரவுப் பணியில் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த நிறுவனத்தின் பயனர்கள் டிஎன்3270 வழியாக, அதாவது 3270 டெர்மினல் திரையை ஐபி நெட்வொர்க்கின் மேல் கொண்டுவரும் நெறிமுறை வழியாக, இசட்/ஓஎஸ் என்ற ஐபிஎம் இயங்குதளம் ஓடும் மெயின்ஃப்ரேமுக்குள் நுழைகிறார்கள். கூட்டாளி நிறுவனம் ஒன்றுடனான பழைய எஸ்என்ஏ (ஐபிஎம்மின் சொந்த நெட்வொர்க் முறை) போக்குவரத்து, எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் மூலம் ஐபியின் மீது ஓடுகிறது. சில நேரங்களில் பயனரின் திரை அப்படியே நின்று, பிறகு தானாகவே ஓடுகிறது. மெயின்ஃப்ரேம் குழு தங்கள் பக்கம் குறையில்லை என்கிறது. நெட்வொர்க் குழு பிங் போகிறது, லிங்க் நிரம்பவில்லை என்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் காட்டும் மென்பொருள் எது, அதைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும், ரவுட்டர்களிடம் எண்களைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பியும் போதாதா என்பது அவர் கேள்வி. தம்முடைய சொந்த டெர்மினலும் வீட்டிலிருந்து வேலை செய்யும்போது நின்றுபோகிறது என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அதற்கும் இங்கேயே விடை இருக்கிறது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயனருடைய எல்யூ பெயரை, அதாவது அவருடைய டெர்மினலை மெயின்ஃப்ரேம் அறியும் பெயரை, கொடுத்தால், அந்த செஷன் எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த போர்ட் வழியாக வந்தது, அதன் காத்திருப்பு நேரத்தில் எவ்வளவு ஐபி பாதையிலும் எவ்வளவு மெயின்ஃப்ரேமுக்குள்ளும் கழிந்தது என்பதை, இப்போதைக்கு மட்டுமன்றி நேற்றிரவு இரண்டு மணிக்கும் சொல்லக்கூடிய மென்பொருள்தான் உங்களுக்குத் தேவை. மற்ற வண்ணப் படங்களும் வட்ட வரைபடங்களும் மேலாளர் கூட்டத்துக்கு உதவும். இரவு இரண்டு மணிக்கு உதவாது. இந்தத் தகவலில் பெரும்பகுதி உங்கள் இசட்/ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது என்பதால், வாங்குவதற்கு முன்பு அதை எடுத்துப் பார்க்கப் பழகிவிடுவது நல்லது.

இரு குழுக்களும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவதற்குக் காரணம் அவர்களுடைய குணம் அல்ல, அவர்களுடைய கருவிகள்தான். 3270 டெர்மினல் 1971இல் வந்தது. எஸ்என்ஏ கட்டமைப்பை ஐபிஎம் 1974இல் அறிவித்தது. அந்தக் கட்டமைப்பில் அடிப்படை அலகு செஷன். யார் யாருடன் பேசுகிறார்கள், எந்தப் பாதையில் பேசுகிறார்கள் என்பதெல்லாம் மெயின்ஃப்ரேமில் எஸ்என்ஏவை நடத்தும் வீ-டாம் மென்பொருளுக்குத் தெரியும். 1986இல் வந்த நெட்வியூ என்ற ஐபிஎம் கண்காணிப்பு மென்பொருள் அந்த அறிவின் மேல்தான் கட்டப்பட்டது. ஐபி நெட்வொர்க்குக்கு செஷன் என்பதே தெரியாது. ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகப் பார்த்து அனுப்புகிறது. ஆகவே எஸ்என்ஏ கருவி செஷனைக் காட்டும், அது கடந்து வந்த ரவுட்டரைக் காட்டாது. ஐபி கருவி ரவுட்டரைக் காட்டும், அதற்குள் ஓடும் செஷனைக் காட்டாது. நம் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். பாம்பன் கால்வாயில் மாட்டிய படகைப் பற்றி இரண்டில் ஒரு கடலின் காற்றை மட்டும் அறிந்தவரிடம் கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார், ஆனால் உதவவும் மாட்டார். உங்கள் இரு குழுக்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் நெட்வொர்க்கில் எஸ்என்ஏவும் ஐபியும் ஒட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று டிஎன்3270 சர்வர். மற்றொன்று எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர். இவற்றில் பார்ப்பதற்கு எளிது முதலாவது.

டிஎன்3270 சர்வர், பயனரின் டிசிபி இணைப்பை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் ஓர் எல்யூவாக வீ-டாமிடம் போய் நிற்கிறது. எந்த இணைப்புக்கு எந்த எல்யூ என்ற அட்டவணை அந்த சர்வரிடமே இருக்கிறது. டிசிபிஐபி டிஸ்ப்ளே கட்டளையில் டெல்நெட், கான் என்று கேட்டால் அது வந்துவிடும். எல்யூ பெயர் மட்டும் கையில் இருந்தால், வீ-டாமில் அந்தப் பெயருக்கு டிஸ்ப்ளே நெட், ஐடி கட்டளை கொடுத்துப் பாருங்கள். விடையில் ஐஎஸ்டி1669ஐ என்ற செய்தி வரும். அந்த ஒற்றை வரியில் ஐபி முகவரியும் போர்ட்டும் எழுதியிருக்கும். இரண்டு உலகமும் ஒட்டியிருக்கும் இடம் அந்த வரிதான். பல இடங்களில் மெயின்ஃப்ரேம் குழு அதை நாள்தோறும் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நெட்வொர்க் குழு அதைக் கண்ணாலும் கண்டதில்லை. பயனர் ஒருவர் புகார் சொன்னவுடன் இந்த வரியை வெட்டி எடுத்து நெட்வொர்க் குழுவுக்கு அனுப்புவது என்ற ஒரே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினால், பேச்சின் தொனியே மாறும். ஏனென்றால் அதன்பின் அவர்கள் ‘லிங்க் நன்றாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அந்த முகவரிக்கும் அந்த போர்ட்டுக்கும் விடை சொல்லவேண்டும்.

அடுத்தது நேரத்தைப் பிரிப்பது. பயனர் என்டர் விசையை அழுத்தியதிலிருந்து விடை வரும்வரை ஆகும் நேரத்தை, ஐபி பாதையில் கழிந்தது, எஸ்என்ஏ பக்கம் அதாவது வீ-டாமிலும் அப்ளிகேஷனிலும் கழிந்தது என இரண்டாகப் பிரித்துத் தர டிஎன்3270 சர்வருக்கே தெரியும். சர்வரின் அமைப்புக் கோப்பில் மானிட்டர்குரூப் என்ற பகுதியை எழுதி, எந்தெந்தப் பயனர்களுக்கு அது பொருந்தும் என்று மானிட்டர்மேப் மூலம் சொல்லிவிட்டால் போதும். சராசரியும் வரும், ஒரு நொடிக்குள் எத்தனை, இரண்டு நொடிக்குள் எத்தனை என்று நாம் வைக்கும் எல்லைகளின்படி எண்ணிக்கையும் வரும். சராசரியை நம்பவேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்கள். நூறு பரிவர்த்தனையில் மூன்று மட்டும் முப்பது நொடி இழுத்தால் சராசரி அதை விழுங்கிவிடும், பயனர் விழுங்கமாட்டார். இது சரியாக இயங்க, பயனரின் எமுலேட்டர் (கணினியில் 3270 திரையைக் காட்டும் நிரல்) டிஎன்3270ஈ என்ற விரிவாக்கத்தை ஏற்று, விடை கிடைத்ததற்கு ஒப்புதல் அனுப்பவேண்டும். 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2355 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதைத்தான் வரையறுக்கிறது. பழைய எமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஐபி பக்க நேரம் துல்லியமாக வராது என்பதை நினைவில் வையுங்கள். அவர்களை ஒரு தனிக் குழுவாகப் பிரித்துவிட்டால் கணக்கு குழம்பாது.

இந்த ஒட்டுமிடத்தைக் கெடுப்பது ஒன்று உண்டு. பயனர்களுக்கும் மெயின்ஃப்ரேமுக்கும் இடையில் சுமையைப் பங்கிடும் லோட் பேலன்சரோ, முகவரியை மாற்றும் ஃபயர்வாலோ இருந்தால், ஆயிரம் பயனரும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருவதாகத்தான் மெயின்ஃப்ரேமுக்குத் தெரியும். ஐஎஸ்டி1669ஐ அந்த மாற்றப்பட்ட முகவரியைத்தான் காட்டும். அப்போது போர்ட் எண்ணையும் நேரத்தையும் கொண்டு, முகவரி மாற்றிய கருவியின் லாகில் போய்த் தேடவேண்டும். அந்த லாக் எத்தனை நாளுக்கு வைக்கப்படுகிறது என்று இன்றே கேட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை அழிக்கிறார்கள் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் பத்து நாள் பழைய புகாருக்கு விடை சொல்லாது. முடிந்தால் டிஎன்3270 போக்குவரத்துக்கு மட்டும் முகவரி மாற்றத்தை விலக்கச் சொல்லுங்கள். கண்காணிப்பு என்ற பெயரில் செய்யக்கூடிய செலவில்லாத மேம்பாடு அது.

உங்கள் சொந்த டெர்மினலின் கதை இங்கே பொருந்துகிறது. கீழக்கரை வீட்டிலிருந்து ஃபைபர், அதன் மேல் நிறுவனத்தின் விபிஎன், அங்கிருந்து வாடிக்கையாளரின் டேட்டா சென்டர் என்று போகும் இணைப்பில், நின்றுபோவது இரண்டு வகையாக இருக்கலாம். லாகின் திரை வருகிறது, சிறிய மெனுக்கள் வருகின்றன, ஆனால் நீண்ட பட்டியலைக் கேட்டவுடன் நின்றுவிடுகிறது என்றால், அது பாக்கெட்டின் அளவுச் சிக்கல். விபிஎன் தன் தலைப்பைச் சேர்ப்பதால் உள்ளே போகக்கூடிய பாக்கெட்டின் அளவு ஈதர்நெட்டின் வழக்கமான 1500 பைட்டை விடக் குறைகிறது. பெரிய பாக்கெட்டைக் கடத்தமுடியாத ரவுட்டர் அதை ஐசிஎம்பி செய்தியாக அனுப்புநருக்குச் சொல்லவேண்டும். வழியில் யாரோ பாதுகாப்பு என்று கருதி ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. மெயின்ஃப்ரேம் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பிங் போகும், ஏனென்றால் வழக்கமான பிங் பாக்கெட் சிறியது. பிங்கில் பாக்கெட்டின் அளவைக் கூட்டி, உடைக்கக்கூடாது என்ற குறியையும் வைத்து அனுப்பிப் பாருங்கள். எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மற்ற வகை, நோன்பு திறந்துவிட்டோ சாப்பிட்டுவிட்டோ வந்து விசையை அழுத்தினால் இணைப்பு செத்துக் கிடப்பது. நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்பை ஃபயர்வாலும் வீட்டு ரவுட்டரும் தங்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். இரு முனைக்கும் சொல்லாமலே எடுத்துவிடும். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் டிசிபியின் கீப்அலைவ் வழக்கமாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும் என்பதால் அது இதற்குப் பயன்படாது. டிஎன்3270 சர்வரில், பேச்சில்லாத இணைப்பை எப்போது தட்டிப் பார்ப்பது என்று சொல்லும் டைம்மார்க், ஸ்கேன்இன்டர்வல் ஆகிய இரண்டையும் ஃபயர்வாலின் கெடுவுக்குக் குறைவாக அமைக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் எமுலேட்டரிலேயே கீப்அலைவை இயக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மின்சாரமும் போய்வரும் நம் கரையில், வீட்டு ரவுட்டரை யுபிஎஸ்ஸில் வைக்காமல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று நொடி மின்வெட்டில் ரவுட்டர் மீண்டும் எழுவதை மெயின்ஃப்ரேம் சிக்கலாகக் கருதிப் புகார் பதிவு செய்தவர்கள் உண்டு.

இனி எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர். இங்கேதான் வழக்கமான ஐபி கண்காணிப்பு முற்றாகக் குருடாகிவிடுகிறது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். எஸ்என்ஏவின் பிற்கால வடிவமான எச்பிஆர் போக்குவரத்தை யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவதே இதன் வேலை. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2353 இதை விவரிக்கிறது. அதற்கு 12000 முதல் 12004 வரை ஐந்து யுடிபி போர்ட்டுகள். 12000 இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் சமிக்ஞைக்கு; 12001 நெட்வொர்க் கட்டுப்பாட்டுக்கு; 12002, 12003, 12004 ஆகியவை முறையே உயர், நடு, தாழ் முன்னுரிமைப் போக்குவரத்துக்கு. ஃபயர்வாலை மாற்றிய ஒருவர் 12000ஐத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள்: இணைப்பு எழுந்து நிற்கும், வீ-டாம் அதை ஆக்டிவ் என்று காட்டும், அப்ளிகேஷன் தகவல் மட்டும் போகாது. பச்சை விளக்கு எரியும் செத்த லிங்க். இதைக் கண்டுபிடிக்க இசட்/ஓஎஸ்ஸிலேயே ஈஈடயக் என்ற சோதனை இருக்கிறது. டிஸ்ப்ளே நெட், ஈஈடயக் கட்டளையில் டெஸ்ட் என்பதற்கு யெஸ் கொடுத்தால், ஐந்து போர்ட்டுகளிலும் தனித்தனியாக பாக்கெட் அனுப்பி, ஒவ்வொரு ரவுட்டராகத் தொட்டு, எந்த போர்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். ட்ரேஸ்ரூட் இதைச் சொல்லாது, ஏனென்றால் அது இந்த போர்ட்டுகளில் போவதில்லை.

யுடிபி என்பதால் ஃபயர்வாலுக்கு இதில் இணைப்பின் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. இழந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்புவதும், வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் எச்பிஆரின் மேலடுக்கான ஆர்டிபி செய்யும் வேலை. அது வீ-டாமுக்குள் இருக்கிறது. பாக்கெட் இழப்பு ஏற்பட்டால் ஆர்டிபி தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும். ரவுட்டர் படத்தில் அப்போது போக்குவரத்து குறைந்திருப்பதாகத்தான் தெரியும். ‘லிங்க் நிரம்பவில்லையே’ என்று நெட்வொர்க் குழு சொல்வது உண்மைதான், நிரம்பாததே நோயின் அறிகுறி. டிஸ்ப்ளே நெட், ஈஈ கட்டளையை விரிவான பட்டியலுடன் கேட்டால், அனுப்பிய பாக்கெட்டில் எத்தனை மீண்டும் அனுப்பப்பட்டன என்பது வரும். அந்த விகிதத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதிவாருங்கள். வழக்கமான நாளின் விகிதம் தெரியாதவருக்குக் கெட்ட நாளின் விகிதத்தைப் பார்த்துப் பயன் இல்லை.

மீண்டும் அனுப்புவது கூடியிருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது பாக்கெட் உடைவதை. வழியில் ஐபிசெக் என்ற குறியாக்கச் சுரங்கம் ஒன்று இருந்து, பெரிய யுடிபி பாக்கெட் இரண்டாக உடைந்தால், முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும். இரண்டாம் துண்டில் அது இருக்காது. போர்ட் எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் ஃபயர்வால் விதி, இரண்டாம் துண்டை அடையாளம் தெரியாதவனாக நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடலாம். சிறிய செய்திகள் போகும், கோப்புப் பரிமாற்றம் மட்டும் இழுக்கும். இது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் எஸ்என்எம்பி எண்ணில் ஒருபோதும் தெரியாது.

நீங்கள் சொல்லும் ‘நின்று, பிறகு தானாகவே ஓடுகிறது’ என்ற நடத்தைக்கு நான் முதலில் பார்ப்பது பாதை மாற்றம். எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் வழக்கமான அமைப்பில் 10 நொடி அமைதிக்குப் பின் மறுமுனையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கி, 15 நொடி இடைவெளியில் மூன்று முறை மீண்டும் முயன்று, அதன்பிறகே லிங்க் போய்விட்டதாக முடிவுசெய்யும். அதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. ஐபி பாதையில் நாற்பது நொடித் தடங்கல் என்றால் லிங்க் விழாது, செஷனும் விழாது, பயனரின் திரை மட்டும் நாற்பது நொடி உறைந்து நிற்கும். ஆர்டிபி மாற்றுப்பாதை தேடினால் வீ-டாம் லாகில் ஐஎஸ்டி1494ஐ என்ற செய்தி, பாத் ஸ்விட்ச் தொடங்கியது, முடிந்தது என்று எழுதிவைக்கும். உங்கள் பயனர்களின் புகார் நேரங்களுக்கு அருகில் இந்தச் செய்தி இருக்கிறதா என்று இன்றிரவே தேடுங்கள். இருந்தால் மென்பொருள் வாங்காமலே பாதி வழக்கு முடிந்தது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய இரண்டு லிங்க் இருந்தும் ஒரே நொடியில் இரண்டும் தடுமாறுகின்றன என்றால், இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போகின்றனவா என்று கேட்கவேண்டும். ராமேசுவரம் தீவுக்குள் போகச் சாலைப் பாலம் ஒன்றே ஒன்று உள்ள நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

செஷனே எழவில்லை என்றால், காரணத்தைச் சொல்ல வீ-டாம் தரும் சென்ஸ் கோடு என்ற பிழை எண்ணைப் பாருங்கள். 0806 என்று தொடங்கினால் அந்தப் பெயரையே அது அறியவில்லை. 0801 என்றால் இருக்கிறது, இப்போது கிடைக்கவில்லை. 0821 என்றால் செஷன் அளவுருக்கள் பொருந்தவில்லை. 087D என்றால் தேடிப்போன வழியில் எங்கோ முட்டிக்கொண்டது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் ஐபி பாதையையும் சேர்த்து ஆராயவேண்டும். 0821 வந்தால் ஃபயர்வால் குழுவை எழுப்பவேண்டாம்.

டிரேஸ், அதாவது பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து பார்ப்பது, பற்றி உங்களுக்கு ஐயம் இருக்கிறது. வயர்ஷார்க் நல்ல கருவி. 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்து 2006இல் பெயர் மாறியது, இன்றைக்கும் அதற்கு மேலானதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் மெயின்ஃப்ரேமின் வாசலில் மடிக்கணினியைக் கொண்டுபோய் வைக்கமுடியாது. அதற்குப் பதிலாக இசட்/ஓஎஸ்ஸின் பாக்கெட் டிரேஸை, அதாவது இசட்/ஓஎஸ்ஸின் பதிவு வசதியான சிட்ரேஸில் சிஸ்டிசிபிடிஏ என்ற பகுதியை, ஒரே ஓர் ஐபி முகவரிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் வடிகட்டி இயக்கி, டம்ப், டிரேஸ்களைப் படிக்கும் ஐபிசிஎஸ் கருவி மூலம் ஸ்னிஃபர் வடிவத்தில் வெளியே எடுத்தால் வயர்ஷார்க்கில் திறக்கலாம். எழுத்துகள் மெயின்ஃப்ரேமின் எழுத்துமுறையான எப்சிடிக் குறியீட்டில் இருக்கும். வயர்ஷார்க்கின் ஃபாலோ ஸ்ட்ரீம் பகுதியில் எப்சிடிக் என்று தேர்ந்தெடுத்தால் படிக்கக்கூடியதாகிவிடும். வடிகட்டாமல் இயக்கினால் டிரேஸ் சில நொடிகளிலேயே தன்னைத்தானே மேலெழுதிக்கொண்டு, வேண்டிய நேரம் போய்விடும், சிபியுவும் வீணாகும்.

அந்த டிரேஸைப் படிக்கும்போது ஏமாறக்கூடிய இடங்கள் மூன்று. செக்மெண்டேஷன் ஆஃப்லோடு இயங்கினால், பாக்கெட்டை உடைக்கும் வேலையை மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் அட்டையான ஓஎஸ்ஏ செய்கிறது. டிரேஸ் எடுக்கப்படுவது அதற்கு முன்பு. அதனால் 1500 பைட் செல்லும் லிங்கில் பல ஆயிரம் பைட் பாக்கெட்டுகள் போவதாகத் தெரியும். அது தவறு அல்ல, பார்க்கும் இடம் அப்படி. அட்டையிலிருந்து உண்மையில் வெளியே போனது வேண்டுமானால் ஓஎஸ்ஏஎன்டிஏ என்ற தனி டிரேஸ் இருக்கிறது. இரண்டாவது, இசட்/ஓஎஸ்ஸே செய்யும் ஏடி-டிஎல்எஸ் குறியாக்கம் இருந்தால் பாக்கெட்டுக்குள் எதுவும் படிக்கமுடியாது. பாலிசியில் சிட்ரேஸ்கிளியர்டெக்ஸ்ட் என்பதை இயக்கினால் டேட்டா டிரேஸில் திறந்த எழுத்தாக வரும். ஆனால் காப்பீட்டு வாடிக்கையாளர்களின் விவரம் அதில் வரும் என்பதால், எழுத்துவழி அனுமதி இல்லாமல் அதைத் தொடவேண்டாம், அந்தக் கோப்பைக் கீழக்கரைக்கு இறக்கவே வேண்டாம். மூன்றாவது கடிகாரம். சிட்ரேஸ் நேரம் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். எஸ்எம்எஃப் (இசட்/ஓஎஸ் தானே எழுதிவைக்கும் செயல்பாட்டுப் பதிவு) பதிவின் தலைப்பு அந்தக் கணினியின் உள்ளூர் நேரத்தில் இருக்கும். ரவுட்டர் லாக் யார் எப்படி அமைத்தாரோ அப்படி. உங்கள் குறிப்பேடு இந்திய நேரத்தில். நம் நேரத்தில் ஐந்தரை மணி வேறுபாடு என்பதால், நிமிட எண்ணிலேயே முப்பது கூடிக் குறைகிறது. வாடிக்கையாளர் நாட்டில் கோடைக்கால நேர மாற்றம் நடக்கும் வாரத்தில் அது மேலும் சிக்கும். புகார் பதிவில் கிரீன்விச் நேரத்தை மட்டுமே எழுதுவது என்று குழுவில் முடிவுசெய்துவிடுங்கள்.

இனி வாங்குவது பற்றி. விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று: ஐபிஎம்மின் நெட்வியூவும், கேண்டில் நிறுவனத்தை 2004இல் வாங்கியதன் மூலம் ஐபிஎம்மிடம் வந்த ஒமேகமானின் நெட்வொர்க் பிரிவும், சிஏ நிறுவனத்தோடு 2018இல் பிராட்காமிடம் போன நெட்மாஸ்டரும், பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. இசட்/ஓஎஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர், என்எம்ஐ என்ற இடைமுகத்தின் வழியாக டிசிபி இணைப்பு நிகழ்வுகள், பாக்கெட்டுகள், எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் மற்றும் எச்பிஆர் விவரங்கள் அனைத்தையும் கேட்பவருக்குத் தருகிறது. அதனால் ‘எங்களால் மட்டுமே பார்க்கமுடியும்’ என்ற பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். வேறுபாடு, எடுத்ததை எவ்வளவு நாள் சேமிக்கிறது, எதோடு எதை இணைத்துக் காட்டுகிறது, தேடுவது எவ்வளவு எளிது என்பவற்றில்தான். நெட்மாஸ்டரில் ஸ்மார்ட்டிரேஸ் என்ற வசதி, ஐபிசிஎஸ் பக்கம் போகாமலே பாக்கெட் டிரேஸை இயக்கிப் படிக்க விடுகிறது. இரவுப் பணியில் ஐபிசிஎஸ் தெரியாத இளையவர்கள் இருக்கும் குழுவுக்கு அது உண்மையான உதவி. சிபியு, டிபி2 டேட்டாபேஸ், பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருள் ஆகியவற்றை ஏற்கெனவே ஒமேகமானில் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், நெட்வொர்க்கையும் அதிலேயே சேர்ப்பது இயல்பு. தானியங்கி நடவடிக்கைகளை நெட்வியூவில் வருடக்கணக்காக எழுதிவைத்திருந்தால் அதை விட்டு வெளியேறுவது எளிதல்ல.

எதையும் வாங்க முடியாது என்றாலும் எஸ்எம்எஃப் 119 பதிவுகள் இருக்கின்றன. அதன் துணைவகை 2, ஒவ்வொரு டிசிபி இணைப்பும் முடியும்போது எத்தனை பைட், எத்தனை மறு அனுப்பல், சுற்றுப்பயண நேரம் என்ன என்று எழுதிவைக்கிறது. துணைவகை 20ம் 21ம் டிஎன்3270 செஷனின் தொடக்கத்தையும் முடிவையும் எல்யூ பெயருடன் தருகின்றன. இவற்றை இரவுதோறும் ஒரு சாதாரண டேட்டாபேஸில் ஏற்றி, முகவரி வாரியாகவும் மணி வாரியாகவும் கூட்டிப் பார்க்கும் சிறிய நிரல் ஒன்றை எழுத, உங்களைப் போன்றவருக்கு அதிக நாள் பிடிக்காது. நிகழ்நேரத்தில் எச்சரிக்காது என்பது அதன் குறை. ஆனால் எந்தக் கிளை, எந்த விபிஎன் வாசல், எந்த மணி என்று காட்டிவிடும். மேலாளரிடம் பணம் கேட்கும்போது கையில் ஆதாரமும் இருக்கும்.

எஸ்என்எம்பி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, ரவுட்டர் பக்கத்துக்கு அது வேண்டும், ஒட்டுமிடத்துக்குப் போதாது என்பதே என் விடை. எந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் எவ்வளவு போனது என்று ரவுட்டர் தரும் கணக்கான நெட்ஃப்ளோ வைத்திருந்தால் 12000 முதல் 12004 வரையிலான போர்ட்டுகளைத் தனித்தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். முன்னுரிமை வாரியாகப் போக்குவரத்து பிரிந்து தெரியும், தாழ் முன்னுரிமைக் கோப்புப் பரிமாற்றம் பயனரின் பாதையை அடைக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஐபி தலைப்பில் எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் வைக்கும் முன்னுரிமைக் குறியை ரவுட்டர்கள் மதிக்கின்றனவா, துடைத்துவிடுகின்றனவா என்பதையும் அதே இடத்தில் கேட்கவேண்டும். பல நெட்வொர்க்குகளில் முதல் சுவிட்சிலேயே துடைத்துவிடுகிறார்கள்.

விற்பனையாளர் சோதனைக்குத் தரும்போது, அவர் கொண்டுவரும் மாதிரிப் படங்களைப் பார்க்காமல், உங்கள் பழைய புகார் ஒன்றைக் கொடுத்து அதைத் தேடச் சொல்லுங்கள்: இந்த எல்யூ, இந்த நாள், இந்த நேரம், எங்கே நின்றது? சோதனைக் காலம் ஒரு மாத இறுதியையாவது தாண்டட்டும், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனத்தின் உண்மையான சுமை அப்போதுதான் வரும். எச்சரிக்கை எல்லைகளை அவர்கள் வைத்துத் தந்தபடி விடாமல், அந்த மாதத்தில் நீங்களே அளந்த எண்களிலிருந்து வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே எச்சரிக்கை மின்னஞ்சல்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பிவிட்டு யாரும் பார்க்கமாட்டார்கள். மென்பொருளே எவ்வளவு சிபியு தின்கிறது என்பதையும் அந்த மாதத்தில் அளந்துகொள்ளுங்கள். மெயின்ஃப்ரேம் மென்பொருளின் உரிமக் கட்டணம் பல நேரங்களில் கணினியின் செயல்திறனை (எம்எஸ்யு என்ற அளவில்) ஒட்டியே கணக்கிடப்படுகிறது என்பதால், அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் கணினியைப் பெரிதாக்கினால் இந்தக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.